சவுரியப்பனுக்கு மயக்கம் வேண்டாம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் சவுரியப்பனுக்கு நீச்சல் தெரியாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தருமபுரி ஆஸ்பத்திரியில் அந்த மனுஷர் அடித்த கூத்துக்கு யாராலும் அர்த்தம் சொல்ல முடியாது.

கொஞ்சநஞ்சம் தெரியும், இடுப்பளவுத் தண்ணீரில் எப்படியோ சமாளித்துவிடுவார் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். சுத்தமாகத் தெரியாது. காவிரி கண்ணெதிரே ஓடும்போது பாறைமேல் உட்கார்ந்துகொண்டு சொம்பால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிற ரகம். யாராவது கேட்டால், "எறங்குனா சளி புடிச்சுக்குதுங்க" என்பார். ஊரும் நம்பியது. நாள் முழுக்கத் தண்ணீர்மேல் இருக்கிற ஆள், குளிக்கவாவது தள்ளி உட்காரட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்று வந்தபோது மற்ற ஓட்டிகள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். வேர்க்கிறது, அக்குளை உரசுகிறது, துடுப்புப் போடத் தோதில்லை என்று ஆளுக்கொரு குறை. சவுரியப்பன் மட்டும் அதைக் கையில் வாங்கியதும், பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். டீக்கடையிலும் ஜாக்கெட், டவுன் பஸ்ஸிலும் ஜாக்கெட். ஒருமுறை காரிமங்கலம் சந்தைக்கு ஆடு பார்க்க அதோடே போய்விட்டார். ஆட்டுக்காரர் இவரை ஏதோ அதிகாரி என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டார். அப்புறம் ஒரு விழாவில், பாதுகாப்பில் கருத்தான ஓட்டி என்று சொல்லி இவருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஜாக்கெட்டுக்கு மேலேயேதான் போர்த்த வேண்டியிருந்தது. கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டார்.

நீச்சல் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். எல்லாம் ராஜமேரியால் வந்தது.

சவுரியப்பனுக்குச் சொந்த ஊர் இண்டூர்ப் பக்கம். ராகி, சோளம், வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாலே கழுத்து வலிக்கும், அவ்வளவு ஆழத்தில் கிடக்கும். நீச்சலுக்கு எங்கே போவது? வாலிப வயதில் கூட்டாளிகளோடு ஒகேனக்கல் பார்க்க வந்தவர், அருவியைப் பார்க்காமல் மீன் வறுக்கிற கடையில் நின்றுவிட்டார். கல்லுக்கு முன்னால் ராஜமேரி மசாலா தடவிக்கொண்டிருந்தாள். இவர் மீனை வாங்கித் தின்றார். மறுபடி வாங்கினார். மறுபடியும் தட்டை நீட்டியபோது அவள் நிமிர்ந்து, "இன்னும் வேணுமா? வவுறு தாங்குமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

பெண் கேட்டுப் போனார். அவளுடைய அப்பா செபாஸ்டின் ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே தலை நரைத்த பரிசல்காரர். குலம் கோத்திரம் விசாரிக்கவில்லை, நிலபுலம் விசாரிக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏம்ப்பா, நீச்சல் வருமில்ல? கட்டிக்கிட்டா இங்கதான் இருக்கோணும், பரிசல்தான் எடுக்கோணும். நீச்சல் தெரியாதவனுக்கு நான் பொண்ணு குடுக்கறதில்ல."

"வருங்க மாமா," என்றார் சவுரியப்பன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "மீனு மாதிரி," என்று சேர்த்துக்கொண்டார்.

"அப்புடியா? எங்க, எறங்கி ஒரு தாண்டு தாண்டிட்டு வா பாப்பம்."

ஆபத்தில்தான் சிலருக்கு மூளை வேலை செய்யும். அது தவக்காலம். "மன்னிக்கோணும் மாமா," என்றார், கையைக் கட்டிக்கொண்டு. "ஈஸ்டர் வரைக்கும் ஆத்துல குளிக்கறதில்லைன்னு நேர்ச்சை."

மாமனார் உருகிப்போனார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியான பிள்ளையா என்று அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்.

ஈஸ்டர் முடிந்து கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவித்துவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். அந்த ஒரு கணம் சவுரியப்பனுக்கு ஒரு யுகம். இண்டூர்க்காரன் எவனாவது எழுந்து, 'சாமி, இவனுக்கு வாய்க்கால் தாண்டவே தெரியாது' என்று சொல்லிவிட்டால்? இரண்டாவது ஞாயிறு நிஜமாகவே பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். சவுரியப்பனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்தவர் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்தது. மாமனார் துடுப்பைக் கையில் கொடுத்தார். துடுப்புப் போடுவதில் சவுரியப்பனை ஒரு சொல் குறை சொல்ல முடியாது. பயத்தில் போடுகிற துடுப்பு, ஒருநாளும் தப்பியதில்லை. மற்றவர்கள் பயணிகளைக் குஷிப்படுத்தப் பரிசலை ரங்கராட்டினம் போலச் சுழற்றுவார்கள். இவர் மட்டும் அம்மன் தேர் நகர்வதுபோல் அலுங்காமல் கொண்டுபோய் அலுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பார். செபாஸ்டின் கடைசிவரை மருமகனைப் பற்றிப் பெருமை பேசியே கண்ணை மூடினார். ராஜமேரியும் அதே நம்பிக்கையில் மீன் வறுத்தாள். கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க வூட்டுக்காரரு தண்ணியில வுழுந்தா தண்ணிக்குத்தான் ஆபத்து" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சவுரியப்பனுக்கு மீன்முள் தொண்டையில் சிக்கினாற்போல் இருக்கும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தார். சொன்னால், 'பொய் சொல்லித்தான் என்னைக் கட்டுனியா?' என்று கேட்பாளே, அப்புறம் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? மென்று முழுங்கிவிடுவார்.

இப்படியே காலம் போயிருக்கும். இந்த வருஷம் எண்ணெய் வந்து கெடுத்தது.

ஒகேனக்கல் பாறையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தேய்த்துவிட்டு மிஞ்சியது பாறையில்தான் ஊறும். பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்த சவுரியப்பனுக்குத் தன் கால் கட்டைவிரலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கால் வழுக்கியது. பரிசல் ஒரு பக்கம் உருண்டது, இவர் ஒரு பக்கம் போனார். வலது கையை ஊன்றிவிட்டார். நெஞ்சுக்கு ஜாக்கெட் இருந்தது, கைக்கு ஏது? எழுந்து பார்த்தால் மணிக்கட்டு குழம்புக் கரண்டி மாதிரி வளைந்திருந்தது.

கூடப் பரிசல் ஓட்டும் கூட்டாளி ஜேக்கப்பும் ராஜமேரியும் அவரைத் தருமபுரியில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, பிளேட் வைக்க வேண்டும், நாளைக்கே ஆபரேஷன், மயக்க டாக்டர் வந்து பேசுவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதுதான் தாமதம், சவுரியப்பனுக்குக் கைவலி மறந்துபோனது. அதற்குக் காரணம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த ஜேக்கப்தான். போன வருஷம் ஜேக்கப்புக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. முழு மயக்கம் கொடுத்திருந்தார்கள். வார்டுக்குக் கொண்டுவந்து போட்டதும், கண்ணைக்கூடத் திறக்காமல், மாமியார் தேடித் தேடி அழுத சேவலைத் தானே அடித்துத் தின்றதாகவும், தொடைக்கறி பஞ்சு மாதிரி இருந்ததாகவும் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். மாமியார் அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இன்றுவரை அந்தக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை கிடையாது. மயக்க மருந்து கொடுத்தால் உள்ளே கிடக்கிறதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று அன்றிலிருந்து ஊரே சொல்கிறது. சேவல் தின்றவனுக்கே இந்தக் கதி என்றால் நம் கதி என்ன?

மயக்க டாக்டர் மாதவராஜ் சின்ன வயது, சிரித்த முகம். கட்டிலருகே வந்து நின்றதும் சவுரியப்பன் முந்திக்கொண்டார்.

"சார், எனக்கு மயக்கம் வேண்டாமுங்க. உசுரே போனாலும் வேண்டாம். அப்புடியே அறுத்துக்குங்க, நான் பல்லைக் கடிச்சுக்கறன்."

"அப்படியெல்லாம் அறுக்க முடியாதுங்க," என்றார் டாக்டர். திரும்ப எழுந்திருக்க மாட்டோம் என்று பயப்படுகிறார் என்று அவர் புரிந்துகொண்டார். "சரி, முழு மயக்கம் வேண்டாம். கைக்கு மட்டும் மரத்துப்போற ஊசி போட்டுக்கலாம். தோள்பட்டை எலும்புக்கு மேல, கழுத்தோரமா, கைக்குப் போற நரம்பெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வரும். அங்க மருந்து விட்டா கை மட்டும் தூங்கிரும். நீங்க முழிச்சுக்கிட்டே இருக்கலாம்."

"வாயி?"

"வாய்க்கு என்ன?"

"வாயி என் பேச்சைக் கேக்குமில்லீங்களா?"

"தாராளமாக் கேக்கும்."

சவுரியப்பன் இடது கையாலேயே டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்படி ஒரு நோயாளியை மாதவராஜ் பார்த்ததில்லை. உற்சாகமாகிவிட்டார். "முன்னயெல்லாம் நரம்பு இங்கதான் இருக்கும்னு கணக்குப் போட்டு ஊசியை விடுவாங்க. இப்ப ஸ்கேன் வச்சு நேர்லயே பாத்துக்கிட்டுப் போகலாம். நரம்பு எங்க, ரத்தக் குழாய் எங்க, நுரையீரல் எங்க, ஊசி எங்க போகுது, எல்லாம் திரையில தெரியும்."

"ஸ்கேனா? அது எங்க மக மோனிஷாவுக்கு எடுத்தாங்க, மாசமா இருக்கறப்ப."

"அதே மெஷின்தான்."

"என்னா புள்ளைன்னு மட்டும் சொல்லமாட்டீங்க," என்று ஜோக் அடிக்கிற அளவுக்கு சவுரியப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. ராஜமேரிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் வலிக்குப் பயந்து மயக்கம் கேட்பார்கள், இந்த ஆள் மயக்கத்துக்குப் பயந்து வலி கேட்கிறாரே, எவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை. தியேட்டருக்கு முன்னால் ஒரு சின்ன அறை. அதற்குக் கதவு கிடையாது, பச்சைத் திரை மட்டும்தான். திரைக்கு இந்தப் பக்கம் கட்டிலில் சவுரியப்பன். அந்தப் பக்கம் பெஞ்சில் ராஜமேரியும் ஜேக்கப்பும். ஜாக்கெட்டைக் கழற்றி நர்ஸ் கலைமணி ராஜமேரியிடம் கொடுத்திருந்தார். அதைக் கழற்றுவதற்கே பெரும்பாடு பட்டார்கள்.

"தலையை எடது பக்கம் திருப்பிக்குங்க. ஆடக்கூடாது," என்றார் டாக்டர். இடது பக்கம் திரும்பினால் முகத்துக்கு நேரே ஸ்கேன் மெஷினின் திரை. கழுத்தோரம் கூழ் மாதிரி ஏதோ சில்லென்று தடவினார்கள். அதன்மேல் ஸ்கேன் முனையை வைத்து அழுத்தியதும் திரையில் கருப்பும் வெள்ளையுமாக என்னென்னவோ நெளிந்தது.

சவுரியப்பன் உற்றுப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆற்றையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அதற்கு எதைக் காட்டினாலும் ஆறாகத்தான் தெரியும்.

"சார், அந்தக் கருப்பா உருண்டையா துடிக்குதே, அது சுழிங்களா?"

"அது ரத்தக் குழாய்."

"அதும்பக்கம் போவாதீங்க சார். இழுத்துரும்."

"அதுக்குப் பக்கத்துலதாங்க நான் போகணும்," என்றார் மாதவராஜ், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "அதையொட்டி திராட்சைக் கொத்து மாதிரி இருக்கு பாருங்க. அதான் உங்க கைக்குப் போற நரம்பு."

"அது என்னுதுங்களா?"

"உங்களுதுதான்."

சவுரியப்பனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு பாசம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் துடுப்புப் போட்டது இதுதானா, பாவம், இவ்வளவூண்டு இருக்கிறதே என்று நினைத்தார். ஊசி உள்ளே வந்தது. முதலில் தோலில் எறும்பு கடித்தாற்போல் இருந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. திரையில் வெள்ளைக் கோடாக அது சாய்ந்து இறங்கியது. சவுரியப்பனால் சும்மா இருக்க முடியவில்லை. "எடது பக்கம் அணைச்சுக்குங்க... இல்ல, வலது... சார், அங்க பாறை வெள்ளையாத் தெரியுது, தட்டிரும், பின்னால வாங்க, பின்னால..."

"அது விலா எலும்பு. நான் அங்க போகலைங்க."

"ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டு சென்டிமீட்டர்."

அவர் சொன்ன வழி ஒன்றுகூடச் சரியில்லை. டாக்டர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் நேராக நரம்பின் பக்கத்தில் போய் நிறுத்தினார். "ம்ம், மெதுவா விடுங்க சிஸ்டர்," என்றார். கலைமணி சிரிஞ்சை அழுத்தினார்.

திரையில் ஊசிமுனையிலிருந்து கருப்பாகத் தண்ணீர் பரவியது. நரம்புக் கொத்தின் அடியில் புகுந்தது. சுற்றி வளைத்தது. கொத்து அசைந்து, மெல்லத் தூக்கிக்கொண்டு, மிதக்க ஆரம்பித்தது.

"பிரமாதம்," என்றார் மாதவராஜ். இப்படித் தெளிவாகச் சுற்றிக்கொண்டால் எந்த மயக்க டாக்டருக்கும் சந்தோஷம்தான். "இன்னும் விடுங்க சிஸ்டர். நல்லா முங்கட்டும்."

"முங்குது!" என்று கத்தினார் சவுரியப்பன். "சார், முங்குது! போதும், நிறுத்துங்க! எனக்கு நீச்சல் தெரியாது!"

கலைமணி பதறிவிட்டார். "ஒண்ணுமில்லைங்கய்யா, ரெண்டு சென்டிமீட்டர்தான்..."

"எனக்கு ஒரு சென்டிமீட்டரே ஆவாதும்மா! பொறந்ததுலருந்து தெரியாது! மாமாகிட்ட வருமின்னு பொய் சொன்னன்! நேர்ச்சையுமில்ல, ஒரு மண்ணுமில்ல! சளியும் புடிக்காது! பொண்ணு குடுக்கமாட்டாருன்னு சொல்லிட்டன் சாமி, என்னைக் கரை ஏத்துங்க!"

இத்தனையும் கத்தியபோது அவர் கழுத்து ஓர் இம்மிகூட அசையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆடாதே என்றால் ஆடாத மனுஷர், அலுங்காமல் கத்தினார். டாக்டர் மருந்தை விட்டுமுடித்து ஊசியை வெளியே எடுத்தார். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ராஜமேரியின் கையிலிருந்து ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. ஜேக்கப் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பார்த்து, புரையேறி இருமினார்.

சவுரியப்பன் திருதிருவென்று விழித்தார். என்ன சொன்னோம் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. உள்ளே இருந்தது எதுவும் பாக்கியில்லை. ஜேக்கப்பாவது மயக்கத்தில் உளறினார். இவர் முழு நினைவோடு, கண்ணைத் திறந்துகொண்டு, வரிசைக்கிரமமாகச் சொல்லியிருக்கிறார்.

"சார்," என்றார் ஈனசுரத்தில். "அந்த முழு மயக்கம் குடுத்துருங்க."

"நேத்து உசுரே போனாலும் வேண்டாம்னீங்க?"

"அது நேத்துங்க."

"இப்பத் தேவையே இல்லையே. விரலை ஆட்டுங்க பாப்போம்."

சவுரியப்பன் ஆட்டினார். விரல் ஆடவில்லை. டாக்டர் ஐஸ் கட்டியை வைத்தார். கை யாருடையதோ போலக் கிடந்தது. "அருமையா வேலை செஞ்சிருக்கு," என்றார் மாதவராஜ். தன் வேலையில் இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒருவரை சவுரியப்பனுக்கு அன்றைக்குத் துளியும் பிடிக்கவில்லை.

தியேட்டரில் முகத்துக்கும் கைக்கும் நடுவே துணி கட்டி மறைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் டிரில் ஓடுகிற சத்தம் கேட்டது. வலி என்று ஒரு மண்ணும் இல்லை. இவருக்குக் கவலையெல்லாம் இது முடிந்துவிடுமே என்பதுதான். "அவசரமில்லைங்க டாக்டர், நிதானமாப் பண்ணுங்க," என்றார் எலும்பு டாக்டரிடம். கொஞ்ச நேரம் கழித்து, "வேணுமின்னா இன்னொரு பிளேட்டும் வச்சுருங்க," என்றார். கலைமணி முகமூடிக்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார்.

எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் ஆபரேஷன் முடியத்தானே வேண்டும்? முடிந்தது. வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்து, மரத்த கையைத் தலையணைமேல் எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள். ஸ்டூலில் ராஜமேரி உட்கார்ந்திருந்தாள். மடியில் லைஃப் ஜாக்கெட்.

சாப்பிடலாம் என்று சொன்னதும் இட்லியைச் சாம்பாரில் தோய்த்து ஊட்டினாள். ஊட்டினாள் என்பதைவிட அடைத்தாள் என்று சொல்லலாம். அவர் கை தலையணையிலிருந்து வழுக்கிக் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எடுத்துப் பழையபடி வைத்தாள். மறுபடி தொங்கியது, மறுபடி வைத்தாள்.

"கொஞ்சங்கூடத் தெரியாதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"கொஞ்சங்கூடத் தெரியாது மேரி."

'எங்கப்பாவை ஏமாத்துனியே' என்று ஆரம்பிப்பாள் என நினைத்து, அதற்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தார். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"முன்ன ஒருக்கா வெள்ளம் வந்தப்ப எதுக்கரையில மாட்டிக்கிட்டீங்களே, நீங்களும் ஜேக்கப் அண்ணனும். பொழுது சாஞ்சும் வரல. ஜேக்கப் அண்ணன் பொண்டாட்டி ஆத்தங்கரையில நின்னு மாரடிச்சுக்கிட்டு அழுவறா. நான் என்னா பண்ணன் தெரியுமா? மீனு வறுத்தன். 'அழுவாத அக்கா, எங்க வூட்டுக்காரரு உன் புருசனை முதுவுல போட்டுக்கிட்டு நீந்தி வந்துருவாரு'ன்னு சிரிச்சன். அவளுக்கு ஒரு துண்டு மீனு வேற குடுத்தன்." அவள் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து முறுக்கினாள். "அன்னிக்கு நான் அழுதுருக்கோணுமில்லீங்க?"

அன்றைக்கு அழாததற்கு இப்போது அழுதாள். விசும்பி விசும்பி, பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு அழுதாள். பொய் சொன்னதற்குத் திட்டுவாள் என்று இத்தனை வருஷம் பயந்திருந்தார். தான் செத்துப்போயிருக்கலாம் என்பதற்காக ஒருத்தி இப்படி அழுவாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் கண்ணைத் துடைக்க வேண்டும். பழக்கத்தில் வலது கையைத் தூக்கினார், அது தூங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் அந்த வலது கையை முழங்கைக்கு அடியில் பிடித்து, நெல்மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி, அவள் கன்னத்துக்குப் பக்கமாகக் கொண்டுபோனார். பாதி வழியில் பிடி நழுவியது. கட்டுப் போட்ட கை தொப்பென்று சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்தது.

ராஜமேரியின் முகமெல்லாம் சாம்பார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, "யோவ், உன்னை வச்சுக்கிட்டு..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். கலைமணி ஓடிவந்து சாம்பாரான கட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, வேறு கட்டுப் போட்டுவிட்டார். சாயங்காலம் கைக்கு உணர்வு திரும்ப ஆரம்பித்தது. மரத்துப்போனது முழுசாகத் தெளிவதற்கு முன்னாலேயே போடச் சொன்ன மாத்திரையை ராஜமேரி மறக்காமல் கொடுத்தாள், திட்டிக்கொண்டேதான். அப்படியும் வலி வந்தது. சவுரியப்பன் சத்தம் போடாமல் பொறுத்துக்கொண்டார். கத்தினவரைக்கும் போதும் என்று தோன்றிவிட்டது.

கை கூடுவதற்குள் ஒகேனக்கல் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஓட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சால்வை போர்த்தியவர்களுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று கிண்டல் செய்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் எல்லோருமாக உட்கார்ந்து, நீச்சல் கற்கும் வரை சவுரியப்பன் ஆழமில்லாத பக்கம் மட்டும்தான் போக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ராஜமேரி அதற்கு மேல் ஒன்று சொன்னாள். "இவரு துடுப்பைத் தொடணுமின்னா பரிசல்ல நான் இருக்கோணும்."

கை கூடியதும், கடையை மகள் மோனிஷாவிடம் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பரிசலில் ஏறி உட்கார்ந்தாள். அவள் ஆற்றங்கரையில் பிறந்தவள்; அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்புவது அவளுக்கு வாசல் தெளிக்கிற மாதிரி. பெங்களூரிலிருந்து வந்த பயணி ஒருவர், இந்த அம்மா யார் என்று கன்னடத்தில் கேட்டார். "இவங்கதான் என்னைக் காப்பாத்தறவங்க," என்று தெரிந்த கன்னடத்தில் சொன்னார் சவுரியப்பன். பயணிகளுக்கு அதன்பிறகு துடுப்புக்காரர்மேல் ஒரு சந்தேகம் வந்து, ராஜமேரியின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அடுப்புப் புகையிலும் இவர் தண்ணீரிலுமாகத்தான் பகல்கள் போயிருக்கின்றன. இப்போது அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். வேர்க்கடலை கொண்டுவந்து, உரித்து, துடுப்பை விடாமல் இருக்கும்படி அவர் வாயில் போட்டாள். ஊர் வம்பு பேசினாள். காற்றில் பறக்கிற முடியை ஒதுக்கிக்கொண்டு, தன் அப்பா எந்தப் பாறையில் வலை காயப்போடுவார் என்று காட்டினாள். ஆள் வராத நேரத்திலும் சவுரியப்பன் பரிசலைக் கரைக்குக் கொண்டுவராமல் சும்மா தண்ணீரிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

இதற்கிடையில் ஜேக்கப் அவரைத் தன் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டுபோய், முதுகில் ஒரு காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். சவுரியப்பன் குடித்த தண்ணீருக்குக் கிணற்றுக்காரர், "நீ குடிக்கற குடிக்கு நான் மோட்டாரே போட வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டார். விடாமல் போனார். கையை அடித்தார், காலை உதைத்தார், மூக்கில் ஏறியது. ஒருநாள் காலை ஜேக்கப் கேனை அவிழ்த்துவிட்டார். சவுரியப்பன் கிணற்றை ஒரு தாண்டு தாண்டினார், திரும்பியும் வந்தார். படியைப் பிடித்துக்கொண்டு, "வந்துருச்சுடா!" என்று கிணறே அதிரக் கத்தினார்.

"அப்பாடா," என்றார் ஜேக்கப். "போயி தங்கச்சிகிட்டச் சொல்லு. பாவம், இன்னிக்கே கடைக்குப் போயிரும்."

சவுரியப்பனின் முகம் சுருங்கிப்போனது.

"சொல்லாத ஜேக்கப்பு," என்றார்.

அன்றைக்கு அவர் துறைக்குப் போனபோது ராஜமேரி பரிசலோரம் காத்திருந்தாள். "என்னா, இன்னிக்காவது வந்துச்சா?"

"எங்க வருது. வயசாயிருச்சு மேரி. வுட்டாக் கல்லு மாதிரி நேரா அடிக்குப் போறன்." சொல்லிக்கொண்டே ஒற்றைக் காலில் குதித்து, தலையைச் சாய்த்துக் காதிலிருந்து தண்ணீரை வெளியேற்றினார்.

ராஜமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. காதுக்குப் பின்னால் கிணற்றுப் பாசி ஒட்டியிருந்தது. முந்தானையால் அந்தப் பாசியைத் துடைத்து எறிந்தாள்.

"அப்ப நான்தான் வரோணும்," என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் பரிசலில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.